மூடி வைத்தாலும் ஏறும் சிக்னல்: அகச்சிவப்பு ரீடவுட் போர்டு

வணக்கம். இடம் காரைக்குடி. கல்லூரி கியூப்சாட் (கையடக்கச் செயற்கைக்கோள்) மாதிரிக்கு நாங்களே செய்த ரீடவுட் போர்டில் (டிடெக்டர் தரும் சிக்னலைப் படிக்கும் சர்க்யூட்), அகச்சிவப்பு டிடெக்டரை ஒளி படாமல் மூடி வைத்தாலும் சிக்னல் ஏறுகிறது. காலையில் 26 டிகிரியில் 90 மில்லிவோல்ட். மத்தியானம் 38 டிகிரியில் 220. (நம்ம ஊர் வெயில், கேட்கவா வேண்டும்!)

போர்டில் இருப்பவை: டிடெக்டராக 1 மி.மீ. இன்காஸ் (InGaAs) போட்டோடயோடு, அதற்கு 5 வோல்ட் ரிவர்ஸ் பயாஸ் (எதிர்த்திசை மின்னழுத்தம்), எல்எம்பி7721 ஆம்ப், 100 மெகாஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டர், சிக்னலை எண்ணாக்கும் ஏடிஎஸ்1115 சிப். சித்திரை பிறந்ததிலிருந்து இதே கதை.

பேட்டரியில் ஓட்டியாச்சு, ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) போட்டுக் கழுவியாச்சு, தகர டப்பாவுக்குள் வைத்தும் பார்த்தாச்சு. டயோடைக் கழற்றினால் ஏற்றம் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் போர்டில் கசிவு இல்லை, டார்க் கரண்ட்தான் (ஒளியே இல்லாதபோதும் டயோடில் ஓடும் சிறு மின்னோட்டம்). பயாஸை எடுத்தால் அடங்குகிறது, ஆனால் டயோடின் கெபாசிட்டன்ஸ் கூடி நாய்ஸ் தாங்கவில்லை.

இன்சாட்-3டி வானிலைச் செயற்கைக்கோளின் இமேஜரில் (படமெடுக்கும் கருவி) அகச்சிவப்பு டிடெக்டரைக் குளிரவைத்து, வெற்று விண்வெளியைப் பார்த்துச் சுழியைச் சரிசெய்தார்கள். எங்களுக்கு பெல்டியர் (மின்சாரத்தில் குளிரவைக்கும் தகடு) போட பவர் இல்லை.

சின்ன ஷட்டர் வைத்து, அதை மூடியபோது வரும் அளவை ஒவ்வொரு ரீடிங்கிலும் கழித்தால் போதுமா?