நாவலில் வரும் தண்ணீர் ஆய்வாளருக்கு ஒரு சந்தேகம்: லேப் ஆளுங்க உதவுங்க

வணக்கமுங்க. ஒரு சதித் திரில்லர் நாவலுக்கு உதவி வேணும். நாயகி திருப்பூரில் நீர் வேதியியலாளர். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுக்கு அப்புறம் நடக்கிற கதை. ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணத்துத் தண்ணி அறிக்கையை யாரோ திருத்திடறாங்க.

தாளில் டிடிஎஸ் (தண்ணியில் கரைஞ்ச உப்பு மாதிரிப் பொருள்களோட மொத்த அளவு) 1,980 மி.கி./லி. குடிநீருக்கான 2,000 உச்ச வரம்புக்குள்ளே கச்சிதமா நிக்குது. ஆனா மின்கடத்துத்திறன் 7,000 மைக்ரோசீமென்ஸ்னு அப்படியே கிடக்கு. அதை 0.55-லிருந்து 0.7 வரை பெருக்கினா டிடிஎஸ் கிட்டத்தட்ட வந்துடும். 3,850-க்குக் கீழே இறங்க வழியில்லை. அடுத்த இடி குளோரைடு: 1,775, அதாவது 50 மில்லிஈக்விவலென்ட் (அயனிகளோட மின்சுமையைக் கணக்கிடற அலகு). சோடியம் 230-ன்னா வெறும் 10. கால்சியம், மெக்னீசியமும் சொற்பம். சோடியம் மாதிரி நேர் அயனிகளோட மின்சுமையும், குளோரைடு மாதிரி எதிர் அயனிகளோட மின்சுமையும் சமமா இருக்கோணும். 5 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வந்தாலே சந்தேகம்தான். அறிக்கையைத் திருத்தினவன் கூட்டிப் பாக்கல!

குரோமியத்துக்குத் தனி பாட்டில். நைட்ரிக் அமிலம் விட்டு பிஹெச் 2-க்குக் கீழே கொண்டு வரலைன்னா உலோகம் பாட்டில் சுவத்துல ஒட்டி, அளவு குறைச்சலாக் காட்டும். வில்லன் இதைத்தான் சாக்காச் சொல்றான்.

கேள்வி இதுதானுங்க: அறிக்கை கையெழுத்தான பிறகு மிச்ச மாதிரியை எத்தனை நாள் வெச்சிருப்பீங்க? டிடிஎஸ் பாக்கத் தண்ணியை வத்த வெச்சு, மிஞ்சினதோட எடையைக் குறிச்ச நோட்டு யார் பொறுப்பில் இருக்கும்? அதைத் தொடாம அச்சுப்பிரதியை மட்டும் மாத்த முடியுமா?