அமெரிக்காவில் கறுப்பின மக்கள் எழும்பும்போதெல்லாம் எதிர்ப்பு கிளம்புவது ஏன்?

மார்த்தாண்டம்காரன்:
கொஞ்ச நாளாக அமெரிக்க வரலாறு படிக்கிறேன், ஒரு விஷயம் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. 1865ல் அடிமை முறை ஒழிந்தது, 1870ல் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை, அதே வருடம் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டுக்கே போய்விட்டார். அப்புறம் முப்பது வருடத்துக்குள் எல்லாம் பறிபோகிறது. 1954ல் பள்ளிகளில் இனம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்ற தீர்ப்பு, 1965ல் வாக்குரிமைச் சட்டம் என்று மறுபடி எழும்புகிறார்கள், மறுபடி தள்ளுகிறார்கள். பழைய வெறுப்பு உள்ளே கிடந்து வெளிவருகிறதா, இல்லை அவர்கள் முன்னேறுவதுதான் அதைக் கிளப்பிவிடுகிறதா?

தக்கலை டீச்சர்:
முன்னேறுவதுதான் தம்பி. வட கரோலினாவில் வில்மிங்டன் என்ற துறைமுக நகரத்தைப் பாருங்கள். அங்கே கறுப்பினத்தவர் தொழில் செய்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள், நகர நிர்வாகத்தில் வெள்ளையரோடு சேர்ந்து பதவியிலும் இருந்தார்கள். 1898 நவம்பரில் துப்பாக்கியோடு கிளம்பிய கூட்டம் அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குத் தீ வைத்தது, அன்றைக்கே மேயரையும் உறுப்பினர்களையும் மிரட்டி ராஜினாமா வாங்கித் தங்கள் ஆட்களை உட்கார வைத்தது. எத்தனை உயிர் போனது என்று இன்றுவரை சரியான கணக்கில்லை, யாருக்கும் தண்டனையும் இல்லை. ஒதுங்கிக் கிடந்திருந்தால் யாரும் அவர்களைத் தேடி வந்திருக்க மாட்டார்கள்.
துப்பாக்கி இல்லாமலும் செய்தார்கள். அதே 1898ல் லூசியானா தன் அரசியல் சட்டத்தையே மாற்றியது. ஓட்டுப் போட எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் அல்லது சொத்து வேண்டும், ஆனால் 1867 ஜனவரி 1க்கு முன் நீயோ உன் அப்பாவோ தாத்தாவோ ஓட்டுப் போட்டவர் என்றால் இரண்டும் வேண்டாம். அந்தத் தேதிக்கு முன் அங்கே எந்தக் கறுப்பினத் தாத்தாவுக்கு ஓட்டு இருந்தது? 1896ல் 1,30,000க்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1904ல் ஏறத்தாழ 1,300 ஆனார்கள்.

குளச்சல் கடலோரம்:
நம்ம ஊரிலும் இதே கதைதானே டீச்சர். திருவிதாங்கூரில் 1855ல் அடிமை ஒழிப்பு வந்தது, 1858 நவம்பரில் விக்டோரியா ராணியின் அறிக்கை வந்தது, அதற்கு அடுத்த மாதங்களில்தான் நாடார் பெண்கள் மேலாடை போடுவதை எதிர்த்துக் கிளம்பிய தோள்சீலைக் கலவரம் உச்சத்துக்குப் போனது. சந்தைக்குப் போன பெண்களின் மேலாடையைக் கிழித்தார்கள், ஜெபாலயங்களையும் பள்ளிகளையும் எரித்தார்கள்.

நாகர்கோவில் வக்கீல்:
கிளம்பின விதம் ஒன்று, முடிந்த விதம் வேறு. இங்கே மெட்ராஸ் கவர்னர் டிரெவெல்யன் விடாமல் நெருக்கினார், 1859 ஜூலையில் மகாராஜா இறங்கி வந்து மேலாடை போடலாம் என்று அறிவிப்பு போட்டார் (அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு கொக்கி இருந்தது, அது என்னை இன்றும் கோபப்படுத்தும்). அமெரிக்காவில் 1877ல் ஜனாதிபதித் தேர்தல் தகராறைத் தீர்க்க ஒரு பேரம் பேசி, கறுப்பினத்தவருக்குக் காவலாக நின்ற மத்திய அரசின் படையைத் தெற்கிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். எதிர்ப்பு எங்கேயும் வரும், காவலுக்கு நிற்பவன் கையை விட்டால்தான் அது ஜெயிக்கும்.

தக்கலை டீச்சர்:
சார் சொல்வது சரி, ஆனால் காவல் இருந்தும் பிள்ளைகள் பட்டது கொஞ்சமல்ல. வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் என்று ஒரு கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), அங்கே 1951ல் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் ஒழுங்கான பள்ளிக்கூடம் கேட்டு ஸ்டிரைக் நடத்தினாள். அதிலிருந்து வந்த வழக்கும் சேர்ந்துதான் 1954 தீர்ப்பு. சேர்ந்து படிக்க வைக்க மாட்டோம் என்று 1959ல் அந்தக் கவுண்டி அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் இழுத்து மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாராக இருந்தது. உச்ச நீதிமன்றம் 1964ல் தலையிடும்வரை ஐந்து வருடம், ஆறு வயதில் போக வேண்டிய குழந்தைக்குப் பதினொன்று ஆகிவிடும். வகுப்பில் நின்றவள் என்பதால் எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடக் கொடுமை.

மார்த்தாண்டம்காரன்:
நன்றி டீச்சர், நன்றி சார். 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு அந்தக் காவல் இப்போதும் இருக்கிறதா?

நாகர்கோவில் வக்கீல்:
பாதி போய்விட்டது. ஓட்டு விதியை மாற்றும் முன் மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று சில மாநிலங்களுக்கு இருந்த கட்டாயத்தை, 2013 ஜூனில் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் செயலிழக்க வைத்தது. நீதிமன்றத்தில் தடைபட்டுக் கிடந்த தன் வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை உடனே அமலாக்கப் போவதாக டெக்சாஸ் அன்றைக்கே அறிவித்தது.