பொருள்: மறு: குதிரைத் தீவனத்தில் கூடுதலாகச் சேர்க்கும் கொழுப்புக்கு ஒரு சொல்

> ‘தீவனக் கொழுப்பு’ என்றாலே போதுமே, புதுச் சொல் எதற்கு?

போதாது ஐயா. புல்லிலும் இயல்பாகவே 2–3% கொழுப்பு உண்டு. அதுவும் தீவனக் கொழுப்புதான். ஆனால் அப்படி அளக்கப்படுவதில் மெழுகும் நிறமிகளும் கணிசம். குதிரைக்கு அவை சரியாகச் செரிப்பதில்லை. மேலே ஊற்றும் சோயா எண்ணெயோ, பழகிய குதிரைக்குச் சுமார் பத்தில் ஒன்பது பங்கு செரித்துவிடும். செரிமானத்தில் இவ்வளவு வேறுபடும் இரண்டுக்கும் ஒரே பெயரா?

இதற்கு முன்பு பரிந்துரையாக வந்த ‘சேர்கொழுப்பு’ அழகான வினைத்தொகைதான். ஆனால் படிப்பவர் உடம்பில் சேரும் கொழுப்பு என்றே எடுத்துக்கொள்வார். என் பரிந்துரை ‘இடுகொழுப்பு’. உழவில் ‘இடுபொருள்’ ஏற்கெனவே புழங்குகிறது. வெளியிலிருந்து நாம் இடுவது என்ற பொருள் தானாக வந்துவிடும்.

---

> இடுகொழுப்பு

எனக்குச் சம்மதம். விளக்கத்தில் ஒன்றை மட்டும் சேருங்கள்: குதிரைக்குப் பித்தப்பை இல்லை. அதனால் எண்ணெயே செரிக்காது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். சேமித்து வைக்கப் பை இல்லையே தவிர, கல்லீரலிலிருந்து பித்தநீர் ஓயாமல் சிறுகுடலுக்குள் வடிந்துகொண்டுதான் இருக்கிறது. நாளெல்லாம் மேயும் விலங்குக்கு அதுதான் பொருத்தம்.

அப்புறம், சிறுகுடலில் செரிக்காமல் பின்குடலுக்கு (சிறுகுடலுக்கு அடுத்துள்ள குடல் பகுதிக்கு) போய்விடும் பகுதிக்கும் ஒரு சொல் வேண்டும். ‘தப்புகொழுப்பு’ சரிவருமா?

---

தப்பான கொழுப்பு என்று படித்துத் தொலைப்பார்கள்! ‘எஞ்சுகொழுப்பு’ என்று வைக்கலாம்.

அந்தச் சொல் கட்டாயம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் சிக்கல் அங்கேதான். நாரை நொதிக்கவைக்கும் நுண்ணுயிரிகள் பின்குடலில்தான், அதாவது சீக்கத்திலும் (பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பை) பெருங்குடலிலும் இருக்கின்றன. எண்ணெயைத் திடீரென்று கூட்டினால் சிறுகுடலால் ஈடுகொடுக்க முடியாது. எஞ்சியது அங்கே போய் அவற்றின் வேலையைக் கெடுக்கலாம். சாணம் இளகி, எண்ணெய்ப் பசையோடு வரும். அதனால்தான் இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல மெல்லக் கூட்டச் சொல்கிறார்கள். பழகிய பிறகும் எண்ணெய் மிகுந்தால் நார்ச் செரிமானம் குறைகிறதா என்பதில் சோதனைகள் ஒத்துப்போவதில்லை. சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் இல்லை. எனவே விளக்கத்தில் ‘குறைக்கும்’ வேண்டாம், ‘குறைக்கக்கூடும்’ போதும்.

இன்னொரு பொறி: நார் நொதிக்கும்போது உண்டாகும் ‘ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள்’. பெயரில் கொழுப்பு இருந்தாலும் இடுகொழுப்புக்கும் அவற்றுக்கும் உறவில்லை. இதை அடிக்குறிப்பாகப் போட்டே ஆகவேண்டும்.

---

சரி, கலைச்சொல் பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

இடுகொழுப்பு: தீவனத்தில் இயல்பாக உள்ளதற்கு மேல், ஆற்றலுக்காகச் சேர்க்கும் எண்ணெய் அல்லது கொழுப்பு. ஒரே எடையில் மாவுச்சத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் தரும். எனவே தானியத்தைக் குறைத்து, பின்குடலுக்குள் மாவுச்சத்து வழிந்து அமிலம் கூடும் ஆபத்தைத் தணிக்க உதவும்.

எஞ்சுகொழுப்பு: இடுகொழுப்பில் சிறுகுடலில் செரிக்காமல் பின்குடலை அடையும் பகுதி.

‘எஞ்சுகொழுப்பு’ இயல்பான தீவனக் கொழுப்பின் மிச்சத்தையும் குறிக்கட்டுமா, இடுகொழுப்போடு நிறுத்திக்கொள்வதா? கால்நடை மருத்துவர்கள் யாராவது சொல்லுங்கள்.