குட்டி நாய்க்கு எந்த ட்ரை ஃபுட் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது? சேலம், ஏற்காடு அனுபவங்கள்

அஸ்தம்பட்டியிலிருந்து

வணக்கம். எங்கள் வீட்டுக்கு லேப்ரடார் குட்டி வந்தபோது அதற்கு இரண்டு மாதம்கூட நிறையவில்லை. கொடுத்த வீட்டில் பால் சோறு, குழந்தைகளுக்கான பால் கலந்த சத்துமாவு, இரண்டு பிராண்டு ட்ரை ஃபுட் என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். வந்த அன்று ராத்திரியே பேதி. மஞ்சளாக, குழைவாக, கடைசியில் கொஞ்சம் சளியோடு போனது. குட்டியோ துள்ளிக்கொண்டுதான் இருந்தது. தெரிந்தவர்களிடம் விசாரித்தால் ஆளுக்கு ஒரு பிராண்டு பெயர் சொன்னார்கள்.

மருத்துவர் பிராண்டு பேச்சையே எடுக்கவில்லை. பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தார்கள், ஒரு வேளைக்கு எவ்வளவு போடுகிறீர்கள், பால் உண்டா என்று கேட்டார். மலத்தைப் பரிசோதித்ததில் உருண்டைப் புழுவின் முட்டை தெரிந்தது. இந்தப் புழு தாய் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்கு வந்துவிடும், தாய்ப்பால் வழியாகவும் வரும். வீட்டை விட்டு வெளியே போகாத குட்டிக்கும் இருக்கும் என்பது இதனால்தான். பிறந்த 2 வாரத்திலிருந்து 8 வாரம் வரை 2 வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் 6 மாதம் ஆகும்வரை மாதம் ஒரு தடவை பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். எங்கள் குட்டிக்கு முதல் மருந்தே அன்றுதான் விழுந்தது. பாலையும் நிறுத்தச் சொன்னார். தாய்ப்பால் மறந்த பிறகு பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குட்டிக்குக் குறைந்துகொண்டே போகும். பசும்பால் அந்த வயிற்றில் தங்காது.

மலம் கெட்டிப்பட்ட பிறகுதான் ட்ரை ஃபுட் தேடவே ஆரம்பித்தோம். பையின் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். வளரும் பருவத்துக்கு முழுமையான, சமச்சீரான உணவு என்று எழுதியிருக்கிறதா என்பதுதான் முதல் விஷயம். அமெரிக்காவில் தீவனத் தரத்துக்கு அளவு வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் கணக்குப்படி, ஈரம் நீக்கிய கணக்கில் குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவீதம் புரதமும் 8.5 சதவீதம் கொழுப்பும் வேண்டும். வளர்ந்த நாய்க்கு இது 18, 5.5 தான். பெரிய நாய்க்கு வாங்கும் பையிலிருந்தே குட்டிக்கும் ஒரு கை அள்ளிப் போடுவது ஏன் சரிவராது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். அடுத்து, சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். கோழி என்று இருந்தால் அதில் தண்ணீர் எடையும் சேர்த்தி. கோழி மீல் என்று இருந்தால் தண்ணீர் வற்றியது. அதனால் மீல் என்ற சொல்லைப் பார்த்து மட்டும் மட்டமான தீவனம் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

நாங்கள் எடுத்தது பெரிய இனக் குட்டிக்கான தீவனம், கோழியும் அரிசியும் சேர்ந்தது. பெயர் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குட்டிக்கு ஒத்துக்கொண்டதால் அது உங்கள் குட்டிக்கும் ஒத்துக்கொள்ளும் என்று யாரும் வாங்கிவிடக் கூடாது. நான் சொல்ல வருவது இதுதான்: குட்டிக்குப் பேதி என்றதும் பையை மாற்றாதீர்கள். பூச்சி, அளவு, பால், வெளியில் பொறுக்கித் தின்றது இதையெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியாகப் பையிடம் வாருங்கள். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ஓமலூரிலிருந்து

எங்களுது சிப்பிப்பாறைங்க. இந்த இனத்துக்கு விலா எலும்பு லேசாத் தெரியும், அதான் அதோட உடம்பு வாகு. பார்க்கிறவங்க எல்லாம் "குட்டிக்குச் சோறு போடறீங்களா இல்லையா"ன்னு கேட்பாங்க. வீட்டுல அம்மாவுக்கு அது மனசு கேட்காது. பைல போட்டிருக்கற அளவுக்கு மேல ஒரு கை சேர்த்துப் போட்டுட்டே இருந்தாங்க. காலையில போற மலம் கெட்டியா இருக்கும், சாயங்காலம் தளர்ந்து போயிரும். பூச்சி இல்ல, காய்ச்சல் இல்ல.

சமையலறைத் தராசை எடுத்து ஒவ்வொரு வேளையும் எடை போட்டுப் பார்த்தப்புறம்தான் கணக்குப் புரிஞ்சுது. குட்டிக்குப் பேதி வர்றதுக்கு ரொம்ப சாதாரணமான காரணம் அளவு மிஞ்சறதுதான்னு டாக்டரும் சொன்னார். சின்னக் குடலால செரிக்க முடியாம மிஞ்சினது பெருங்குடலுக்குப் போய் அங்க புளிச்சுப் போகுது, தண்ணியையும் இழுத்துக்குது. அதே பை, அதே தீவனம், அளவு மட்டும் குறைச்சோம். 4 மாசம் வரைக்கும் ஒரு நாள் அளவை நாலு வேளையாப் பிரிச்சுக் கொடுத்தோம். சாயங்காலப் பேதி நின்னுருச்சு.

பையில இருக்கற அட்டவணையில ஒரு விஷயம் கவனிங்க. சில பைல குட்டியோட இப்போதைய எடைக்கு அளவு போட்டிருப்பாங்க, சிலதுல வளர்ந்தப்புறம் எவ்வளவு எடை வரும்ங்கறதுக்குப் போட்டிருப்பாங்க. எந்தக் கட்டத்தைப் படிக்கறோம்னு பார்த்துட்டு அளந்து போடுங்க.

ஏற்காட்டிலிருந்து

மலை மேல இருக்கறவங்களுக்கு இன்னொரு பிரச்சினை இருக்கு. மழைக் காலத்துல இங்க மூடுபனி வீட்டுக்குள்ளயே வரும். துணி காயாது, உப்பு ஜாடியில தண்ணி விடும். ட்ரை ஃபுட்ல இருக்கற ஈரமே சுமார் 10 சதவீதம்தான், அது சுத்துப்புற ஈரத்தைச் சட்டுன்னு இழுத்துக்கும். நான் தினமும் ரெண்டு உருண்டையை விரல்ல ஒடிச்சுப் பார்ப்பேன். நல்லதா இருந்தா 'டக்'னு ஒடியும், தூள் உதிரும். ஈரம் ஏறினது வளையும், ஒடியாது. மோந்து பார்த்தா பழைய எண்ணெய் வாசனை வரும். அந்தப் பையைக் குட்டிக்கு வைக்கறதில்ல.

பூஞ்சை பிடிச்சதைக் காய வச்சுக் கொடுக்கலாம்னு சிலர் சொல்றாங்க. தயவுசெய்து வேண்டாம். மக்காச்சோளம், கடலை மாதிரிப் பொருள்ல வர்ற பூஞ்சையில அஃப்ளாடாக்ஸின்னு ஒரு நஞ்சு உண்டாகும். அது வெயில்ல காஞ்சாலும் அடுப்புல வெந்தாலும் போகாது. நாயோட ஈரலைத்தான் கெடுக்கும். பெரிய மூட்டை விலை கம்மிதான், ஆனா நாங்க ஒரு மாசத்துல தீர்ற அளவுப் பையாத்தான் வாங்கறோம். பையோட வாயைச் சுருட்டிக் கிளிப் போட்டு, பையோடவே மூடி இறுகற டப்பாவுல வைக்கறோம். டப்பாவுல நேராக் கொட்டினா தேதியும் போயிரும், அடியில எண்ணெய்ப் பிசுக்கும் தங்கிரும். இதே காரணத்துக்காக, கடையில மூட்டையைப் பிரிச்சு கிலோ கணக்குல லூஸா விக்கறதை வாங்க எனக்கு மனசு வராது. எப்பப் பிரிச்சதுன்னு யாருக்குத் தெரியும்?

தோட்டத்து வீடுகள்ல குட்டி வளர்க்கறவங்களுக்கு இன்னொண்ணு. காபிப் பழம் பறிக்கற காலத்துல கீழ உதிர்ந்து கிடக்கும், தோல் உரிச்ச சக்கையும் குவிஞ்சிருக்கும். குட்டி எதையும் கடிச்சுப் பார்க்கும். காபியில இருக்கற காஃபின் நாய்க்கு விஷம். வாந்தி, பேதி, நடுக்கம், நெஞ்சு படபடப்புன்னு வந்தா ட்ரை ஃபுட் மேல சந்தேகப்பட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காதீங்க, உடனே தூக்கிக்கிட்டுக் கீழ இறங்குங்க.

அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு. தடுப்பூசிக்குச் சேலம் இறங்கற அன்னிக்கு எங்க குட்டி வாந்தி எடுக்கும். அது பயண வாந்தி, தீவனத்தால இல்ல. கிளம்பறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டை முடிச்சிருவோம், தண்ணி மட்டும் கொஞ்சம். ரொம்பச் சின்ன இனக் குட்டியா இருந்தா ரொம்ப நேரம் வெறும் வயித்தோட வைக்கக் கூடாது, சர்க்கரை இறங்கிரும்னு சொல்வாங்க. அதனால டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

சூரமங்கலத்திலிருந்து

கிரெய்ன் ஃப்ரீ என்று விலை கூடுதலாக ஒன்று வருகிறதே, வயிற்றுக்கு அதுதான் நல்லது என்கிறார்கள். யாராவது கொடுத்தீர்களா?

அம்மாபேட்டையிலிருந்து

சார், எங்கள் குடும்பம் மரவள்ளி மாவுத் தொழிலில் இருக்கிறது. அதனால் இதை உரிமையோடு சொல்கிறேன். கிரெய்ன் ஃப்ரீ என்றால் தானியம் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். மாவுச்சத்து இல்லாமல் அந்த உருண்டை ஒட்டவே ஒட்டாது. அரிசி, கோதுமைக்குப் பதிலாக உருளைக்கிழங்கு, பட்டாணி, பருப்பு, மரவள்ளி என்று ஏதோ ஒன்று உள்ளே இருக்கும். பையைத் திருப்பிப் பாருங்கள், டாப்பியோகா என்று எழுதியிருந்தால் நம் ஊர் ஜவ்வரிசி எதிலிருந்து வருகிறதோ அதே கிழங்குதான்.

தானியம் ஒத்துக்கொள்ளாத நாய்கள் உண்டு, ஆனால் குறைவு. உணவு ஒவ்வாமை வருகிற நாய்களில் பெரும்பாலும் மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி போன்றவற்றின் புரதம்தான் காரணமாக இருக்கிறது. கோதுமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் நன்றாக வெந்த அரிசி நாய் வயிற்றுக்கு எளிதில் செரிக்கும். 2018-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, பட்டாணி, பருப்பு, உருளை அதிகமுள்ள கிரெய்ன் ஃப்ரீ தீவனத்துக்கும் நாய்களின் இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்தது. இதுதான் காரணம் என்று முடிவாக நிரூபணமாகவில்லை. ஆனால் மருத்துவர் சொல்லாமல் வளர்கிற குட்டிக்கு நான் அதை வாங்க மாட்டேன்.

ஆத்தூரிலிருந்து

எல்லாரும் தீவனத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் குட்டிக்கு முதலில் சோறு பிடிக்காமல் போனது. ட்ரை ஃபுட்டை மோந்துவிட்டு நகர்ந்தது. பக்கத்து வீட்டில் "வேற பிராண்டு வாங்கு" என்றார்கள். மதியத்துக்குள் வாந்தி, சாயங்காலம் பேதியில் ரத்தம், ஒரு மாதிரித் துர்நாற்றம். பார்வோ என்ற வைரஸ் நோய்.

குளுக்கோஸ் ஏற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து, பிழைத்தது. பிழைக்காத குட்டிகளையும் அதே அறையில் பார்த்தோம். அதனால் சொல்கிறேன் அக்கா, அண்ணா எல்லாருக்கும்: குட்டி சாப்பிட மறுத்து, சோர்ந்து படுத்து, வாந்தியும் சேர்ந்து வந்தால் அது தீவன விஷயமே இல்லை. பிடரித் தோலை இழுத்து விட்டுப் பாருங்கள், உடனே பழைய இடத்துக்குப் போகாவிட்டால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. ஈறு ஈரமில்லாமல் ஒட்டினாலும் அப்படித்தான். ஒரு ராத்திரி பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆத்தூர் பக்கத்தவர்களுக்குத் தலைவாசலிலும், ராசிபுரம் பக்கத்தவர்களுக்கு நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 16 வாரம் ஆகும்வரை சில வார இடைவெளியில் போட வேண்டும். அது முடியும்வரை தெருவில், பார்க்கில் இறக்கிவிட வேண்டாம்.

கொண்டலாம்பட்டியிலிருந்து

முதல் பதிவு போட்டவருக்கு: பழைய தீவனத்திலிருந்து புதியதற்கு எப்படி மாறினீர்கள்? கால்சியம் சிரப் கொடுத்தீர்களா? எங்களுடையது ஜெர்மன் ஷெப்பர்ட், மூணு மாசம். காது நிற்கக் கால்சியம் வேண்டும் என்று கடையில் கொடுத்துவிட்டார்கள். இப்போது நாலைந்து நாளாக மலத்தில் சளி மட்டும் வருகிறது, பேதி இல்லை. பையை மாற்றிவிடலாமா?

அஸ்தம்பட்டியிலிருந்து

ஆத்தூர் நண்பரே, குட்டி பிழைத்ததைப் படித்ததும்தான் மூச்சு வந்தது. நீங்கள் எழுதியதை இங்கு வருகிற ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டும்.

கொண்டலாம்பட்டி நண்பருக்கு: முதல் இரண்டு மூன்று நாள் முக்கால் பங்கு பழையது, கால் பங்கு புதியது. அப்புறம் பாதிக்குப் பாதி. அப்புறம் முக்கால் பங்கு புதியது. மொத்தம் 7 முதல் 10 நாள். நடுவில் தளர்ந்தால் முந்தின அளவுக்குத் திரும்பி, கெட்டிப்பட்ட பிறகு மேலே போனோம். உருண்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தோம், பாலில் இல்லை. ஊறியதில் மிச்சம் வைத்தால் அரைமணியில் எடுத்துக் கொட்டிவிடுவேன், சேலத்துச் சித்திரை வெயிலில் அது சீக்கிரம் புளித்துவிடும். மலத்தைத் தரையிலிருந்து எடுக்கும்போது உருக்குலையாமல், தரையில் கறை ஒட்டாமல் வருகிறதா என்று தினமும் பார்த்தேன். மருத்துவர்கள் இதற்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் வைத்திருக்கிறார்கள், 2-ஐ ஒட்டி இருந்தால் தீவனம் ஒத்துப்போகிறது என்று கொள்ளலாம்.

கால்சியம் சிரப்பை மருத்துவர் எழுதிக் கொடுத்தாலொழியச் சேர்க்காதீர்கள். பெரிய இனக் குட்டிக்கான தீவனத்தில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஆஃப்கோ வரம்பு. சின்னக் குட்டியின் குடலுக்கு மிஞ்சின கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது, ஏறியது எலும்பையும் மூட்டையும் வளைத்துவிடும். காது நிற்பது இனத்தையும் பல் முளைக்கும் பருவத்தையும் பொறுத்தது.

பையை இப்போது மாற்ற வேண்டாம். பேதி இல்லாமல் சளி மட்டும் என்றால் பெருங்குடலில் உறுத்தல், ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். ஒரு தடவை மட்டும் மலத்தைப் பரிசோதித்தால் அது தெரியாமல் போவதும் உண்டு. அதனால் மருத்துவர் அடுத்தடுத்த நாள்களில் மலத்தை எடுத்து வரச் சொன்னால் அலுத்துக்கொள்ளாமல் எடுத்துப் போங்கள். காலையில் போனதை மண் ஒட்டாமல் சின்ன டப்பாவில் எடுத்து, வண்டிப் பெட்டி வெயிலில் வைக்காமல் உடனே கொடுங்கள். அறிக்கையில் என்ன வந்தது என்று இங்கேயே எழுதுங்கள்.