மாந்தோப்பு வைக்க மண் பரிசோதனை வேண்டாமா? செயற்கைக்கோள் படமே போதுமா?

ஊத்தங்கரை மானாவாரி:
நாலு ஏக்கர் செம்மண். இதுவரை சாமை, கொள்ளு போட்டோம். இப்போது பெங்களூரா மா வைக்க எண்ணம். ஒரு நிறுவனத்தார் வந்து, செயற்கைக்கோள் படத்தை வைத்தே மண் வகை, சுண்ணாம்பு, சத்துக் குறைவு எல்லாம் சொல்லிவிடுவோம், மண் எடுத்துப் பரிசோதிக்கவே வேண்டாம் என்கிறார்கள். நம்பலாமா?

ஓசூர் தொலையுணர்வு:
அடிப்படை உண்மைதாங்க. ஒவ்வொரு கனிமமும் குறிப்பிட்ட அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். செம்மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடு 0.9 மைக்ரோமீட்டர் பக்கம், களிமண் 2.2, சுண்ணாம்பின் கால்சைட் 2.34. உங்கள் பக்கத்து சாமல்பட்டியில் இருக்கும் கார்பனடைட் (பாறைக்குழம்பு உறைந்து உருவான சுண்ணாம்புப் பாறை) பெரும்பாலும் கால்சைட்தான். 1999இல் ஏவிய டெர்ரா செயற்கைக்கோளின் ஆஸ்டர் கருவியில் இதற்கென்றே குறுஅலை அகச்சிவப்பில் (கண்ணுக்குத் தெரியாத, 2.2, 2.34 எல்லாம் வரும் ஒளிப்பகுதி) ஆறு பட்டைகள், அதாவது தனித்தனியாக அளக்கும் அலைநீளத் துண்டுகள், உண்டு.

தருமபுரி பாறைக்காரன்:
அந்த ஆறு பட்டைகளும் 2008 ஏப்ரலோடு பழுதாகிப் போய்விட்டன. இன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று எல்லோரும் எடுப்பது ஐரோப்பிய செயற்கைக்கோளான சென்டினல்-2 படம். குறுஅலை அகச்சிவப்பில் மண்ணைப் பார்க்க அதில் இருப்பது இரண்டே பட்டை: 1.61, 2.19. இரண்டாவது பட்டை சுமார் 2.28 வரைதான் பார்க்கும். 2.34 அதற்கு வெளியே. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு சுண்ணாம்பு இருக்கிறது, இல்லை என்று எப்படிச் சொல்வார்கள்?

ஓசூர் தொலையுணர்வு:
2008க்கு முந்தைய ஆஸ்டர் படங்கள் இன்னும் கிடைக்கின்றன, பாறை அதற்குள் மாறிவிடாது. அப்புறம், 2022 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் நாசாவின் எமிட் கருவி இருக்கிறது. 0.38 முதல் 2.5 மைக்ரோமீட்டர் வரை இடைவெளி விடாமல் நூற்றுக்கணக்கான பட்டைகள். கால்சைட்டையும், மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கனிமமான டாலமைட்டையும்கூடப் பிரித்துக் காட்டும், ஏனென்றால் டாலமைட் ஒளியை உறிஞ்சும் பள்ளம் 2.32இல் விழும்.

தருமபுரி பாறைக்காரன்:
எமிட்டின் ஒரு பிக்சல் (படத்தின் ஒரு புள்ளி) தரையில் 60 மீட்டருக்கு 60 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அதற்குள் வரப்பு, புல், வேப்பமரம், உழுத மண் எல்லாம் கலந்து ஒரே அளவீடாகத்தான் வரும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சுக்கான் கல், மண்ணுக்குள் உருவாகும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி. அதுவும் கால்சைட்தான். வானத்திலிருந்து பார்த்தால் சுக்கானும் கார்பனடைட்டும் ஒரே 2.34. கையில் எடுத்து அமிலம் விட்டாலும் இரண்டும் நுரைக்கும். கல்லை உடைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான், உள்ளே கார்பனடைட்டில் வரும் மேக்னடைட், அபடைட் கனிம மணிகள் இருக்கிறதா, வெறும் மண் துகள் ஒட்டியிருக்கிறதா என்று தெரியும். அதுவும் சுக்கான் வெளியே கிடந்தால்தான் இந்தப் பேச்சே. இந்த ஒளி மண்ணில் மயிரிழை ஆழம்கூடப் போகாது. அரை அடி செம்மண் மூடியிருந்தால் எந்தக் கருவிக்கும் தெரியாது. ஆனால் மா வேருக்குத் தெரியும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இளந்தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

ஊத்தங்கரை மானாவாரி:
சத்துக் குறைவும் தெரியும் என்கிறார்களே சார்? மணிச்சத்து (பாஸ்பரஸ்), துத்தநாகம் எல்லாம்?

தருமபுரி பாறைக்காரன்:
மண்ணில் மணிச்சத்தும் துத்தநாகமும் இருக்கும் சிறு அளவுக்கு இந்த அலைநீளங்களில் தனி அடையாளமே கிடையாது. வேறு ஏதாவதை வைத்து ஊகிக்கிறார்கள். ஊகத்தை நம்பி உரம் வாங்க வேண்டாம்.

ஓசூர் தொலையுணர்வு:
சத்து விஷயத்தில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் படமே வீண் என்பதை ஏற்க மாட்டேன். செடி கொடி விஷயத்தில் இது அருமையான கருவி. இலைப்பச்சை சிவப்பொளியை விழுங்கும், இலையின் உள் செல் அமைப்பு அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். ஒரு நாள் படத்தில் மாவும் சாமையும் ஒரே பச்சைதான். வருடம் முழுக்க வரிசையாகப் பாருங்கள்: சாமை அறுவடையோடு காணாமல் போகும், மார்ச்சில் மாவும் தைலமரமும் மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணுக்கும் அதே வழிதான். உழுது காய்ந்த கோடைப் படத்தை எடுத்தால் நிலத்துக்குள்ளேயே நிற வேறுபாடு தெரியும். எங்கே மண் எடுக்க வேண்டும் என்பதை அது சொல்லும்.

தருமபுரி பாறைக்காரன்:
அதற்கு மட்டும் என்றால் சரி. ஆனால் அவர்கள் விற்பது 'மண் எடுக்கவே வேண்டாம்' என்பதை. அதைத்தான் எதிர்க்கிறேன்.

ஊத்தங்கரை மானாவாரி:
அவர்கள் காட்டிய மாதிரித் தாளில் கருவி பெயரும் இல்லை, படம் எடுத்த தேதியும் இல்லை. பணம் கட்டவில்லை. கோடையில் உழுத பிறகு எடுத்த சென்டினல் படம் இருந்தால் அனுப்புங்க ஓசூர் சார், நிறம் மாறும் இடங்களைக் குறித்துக்கொள்கிறேன்.

தருமபுரி பாறைக்காரன்:
குறித்த ஒவ்வொரு இடத்திலும் மூன்றடிக் குழி எடுங்க. 30, 60, 90 சென்டிமீட்டரில் தனித்தனியாக மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்க. குழியில் வெள்ளைக் கட்டி வந்தால் அந்தப் பக்கம் மாங்கன்று வேண்டாம்.