வரைபடம் மறைகிறது, அழைப்பு மட்டும் தொடர்கிறது: யாராவது உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. போனின் வரைபடத்தையும் பாட்டையும் கார்த் திரைக்குக் கொண்டுவரும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, என் காரில் வயர் இல்லாமல் இணைகிறது. சிறிது தூரம் போனதும் வரைபடம் மறைந்து, கேட்காமலேயே ரேடியோ பாடத் தொடங்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அப்போது பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு துண்டிக்கப்படுவதில்லை. தொடக்க இணைப்பும் அழைப்பும் புளூடூத்தில், வரைபடமும் பாட்டும் வைஃபையில் என்பதால் கோளாறு வைஃபையில்தான் இருக்க வேண்டும்.

இரு பக்கமும் பழைய இணைப்பை நீக்கிப் புதிதாகச் சேர்த்தேன். போனின் பேட்டரி சேமிப்பையும் விபிஎன்னையும் (இணையத் தொடர்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் வசதி) அணைத்தாயிற்று. யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் ஒரு குறையும் இல்லை. சர்வீஸ் மையத்திலோ "போனை மாற்றிப் பாருங்கள்" என்கிறார்கள். என் பர்ஸ் சம்மதிக்க வேண்டுமே!

போனின் வைஃபை அமைப்பில் வேறு எதைப் பார்ப்பது? கார்த் திரையின் மென்பொருளைப் புதுப்பித்ததும் யாருக்காவது இது சரியானதா?