பயணிகள் விமானத்துக்கு வயது வரம்பு தேவையா?

ஈசூன் செல்வம்:
2020இல் பணிக்கு வரும் என்று அறிவிக்கப்பட்ட போயிங் 777-9 பல ஆண்டுகள் தள்ளிப்போனது போன்ற தாமதங்களால், விமான நிறுவனங்கள் பழைய விமானங்களையே தொடர்ந்து ஓட்டுகின்றன. 20 ஆண்டைத் தாண்டிய பயணிகள் விமானம் எதையும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்க விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1988இல் அலோஹா நிறுவனத்தின் 737 விமானத்தின் கூரை நடுவானில் பிய்ந்துபோய்ப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்ததை எப்படி மறப்பது?

சிலேத்தார் மணி:
அலோஹா விமானத்துக்கு அப்போது வயது 19. உங்கள் வரம்பு அதைத் தடுத்திருக்காது, செல்வம். ஹவாய்த் தீவுகளுக்கிடையே குறுந்தொலைவாகவே பறந்து, அது 89,680 சுழற்சிகளை (ஒருமுறை மேலேறி இறங்குவது ஒரு சுழற்சி) முடித்திருந்தது. ஒவ்வொரு முறை மேலேறி இறங்கும்போதும் உள்ளே காற்றழுத்தம் கூடிக் குறைவதால் உடற்பகுதித் தகடு விரிந்து சுருங்குகிறது. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் துளை ஓரத்தில் மயிரிழை விரிசல் பிறப்பது அதனால்தான். கடற்காற்றின் அரிப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். லண்டனுக்குச் செல்லும் நெடுந்தொலைவு விமானம் நாளுக்கு இருமுறை பறந்தாலும் 20 ஆண்டில் 15,000 சுழற்சியைத் தொடாது. அமெரிக்கா 2010இல் கொண்டுவந்த விதியும் சுழற்சியையோ பறப்பு மணியையோ வைத்தே எல்லை வகுக்கச் சொல்கிறது. பெரிய பராமரிப்பின்போது உட்பலகைகளைக் கழற்றிவிட்டு, ரிவெட் வரிசை நெடுகச் சோதனைக் கருவியை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறார்கள்.

ஈசூன் செல்வம்:
அந்தச் சோதனை உரிய நேரத்தில் நடக்காவிட்டால்? 2002 மே மாதம் சைனா ஏர்லைன்ஸின் 747 தைவான் நீரிணைக்கு மேல் உடைந்து 225 பேர் மாண்டனர். 1980இல் ஓடுதளத்தில் வால்பகுதி உரசியபோது, சேதமான தகட்டை முழுமையாக வெட்டியெடுக்காமல் மேலே ஒட்டுத்தகடு வைத்து மூடியிருந்தார்கள். அதன் ஓரத்தில் பழுப்புக்கறை படிந்திருப்பது 2001இல் எடுத்த படங்களிலேயே தெரிகிறது. ஆனால் அந்த ஒட்டை மறுமதிப்பீடு செய்யும் தவணையோ 2002 நவம்பரில்தான் வரவிருந்தது. ஆண்டு கூடக்கூட இப்படி மறைந்து கிடக்கும் ஒட்டுகளும் கூடுகின்றன என்பதால்தான் வயதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

சிலேத்தார் மணி:
1985இல் 520 உயிர்களைப் பறித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 747க்கு 11 வயதுதான். 1978இல் அதன் பின்புற அழுத்தத் தடுப்பை, அதாவது உள்ளிருக்கும் காற்றழுத்தத்தை வால்பக்கம் தாங்கி நிற்கும் சுவரை, பழுதுபார்த்தவர்கள், இரண்டு வரிசை ரிவெட் வேலை செய்ய வேண்டிய இடத்தில் ஒரே வரிசை தாங்கும்படி விட்டுவிட்டார்கள். தவறான பழுதுபார்ப்பு இளைய விமானத்தையும் கொல்லும். எனவே ஒவ்வொரு ஒட்டும் எங்கே, எப்போது, எந்த வரைபடத்தின்படி போடப்பட்டது என்ற பதிவேடு, விமானம் கைமாறும்போதெல்லாம் கூடவே போக வேண்டும்.

ஈசூன் செல்வம்:
பதிவேடு வேண்டும் என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் 1980இல் நடந்த அந்த வேலையைப் பதிவேட்டில் சரியென்று எழுதிக் கையெழுத்திட்டால் அடுத்தவருக்கு எப்படித் தெரியும்? ஒட்டைப் பிரித்து அடித்தகட்டைப் பார்க்கும் கட்டாயம் ஒரு குறிப்பிட்ட வயதில் வரட்டும். அதுவரை என் வரம்பை விடமாட்டேன்.